பள்ளி லஞ்ச் வரிசை ஏன் நகர மாட்டேன் என்கிறது? கைரேகை ஸ்கேனர் வந்தால் சரியாகிவிடுமா?

கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார். மகள் நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். லஞ்ச் இடைவேளை 30 நிமிடம். அதில் 20 நிமிடம் வரிசையிலேயே போய்விடுகிறது. தட்டில் பாதியைக் குப்பையில் கொட்டிவிட்டு வகுப்புக்கு ஓடுகிறாள். இப்போது பள்ளி டிஸ்ட்ரிக்ட் (வட்டாரத்துப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்), கல்லாவில் கைரேகை ஸ்கேனர் வைக்கப்போவதாகச் சொல்லிச் சம்மதப் படிவம் அனுப்பியிருக்கிறது. வரிசை குறையுமா, கையெழுத்துப் போடலாமா என்பது கேள்வி.

பள்ளிச் சமையலறைகளுக்கான பில்லிங் மென்பொருளில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கையெழுத்துக்கு இப்போது அவசரம் இல்லை. ஸ்கேனரால் வரிசை கொஞ்சம் குறையலாம், துளிகூடக் குறையாமலும் போகலாம். வரிசை எங்கே அடைக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது. அதைப் பார்க்காமல் கருவியை வாங்குகிற டிஸ்ட்ரிக்ட்டுகள்தான் அதிகம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு லஞ்ச் வேளைக்கு 300 பிள்ளைகள், இரண்டு வரிசை என்று வைத்துக்கொள்வோம். வரிசைக்கு 150 பேர். கல்லாவில் ஒருவருக்கு 8 விநாடி என்றால் 150 பேருக்கு 1200 விநாடி, அதாவது 20 நிமிடம். கடையில் ஆட்கள் விட்டு விட்டு வருவார்கள். பள்ளியில் மணி அடித்ததும் அத்தனை பேரும் ஒன்றாக வந்து நிற்பார்கள். அதனால் கடைசியில் நிற்கும் பிள்ளை அந்த 20 நிமிடத்தையும் நின்றே கழித்தாக வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒவ்வொரு விநாடிக்கும் விலை உண்டு. 8 விநாடி 7 ஆனால் கடைசிப் பிள்ளைக்கு இரண்டரை நிமிடம் மிச்சம். 5 ஆனால் ஏழரை நிமிடம். ஸ்கேனர் விற்க வருபவர்கள் காட்டுவது இதைத்தான். கணக்கில் பொய் இல்லை.

ஆனால் அந்தக் கணக்கு கல்லாவை மட்டும்தான் பார்க்கிறது. தட்டை எடுத்து, பீட்சாவா பரிட்டோவா என்று யோசித்து, பரிமாறுகிற அம்மாவிடம் சொல்லி, பழம் எடுத்து, பால் எடுத்து, அதற்கப்புறம்தான் பிள்ளை கல்லாவுக்கு வருகிறது. பரிமாறும் இடத்தில் ஒருவருக்கு 7 விநாடி ஆகிறது என்றால், கல்லாவை 2 விநாடிக்குக் கொண்டுவந்தாலும் வரிசை 7 விநாடி வேகத்தில்தான் நகரும். கடைசிப் பிள்ளைக்குப் பதினேழரை நிமிடம். அதே 7 விநாடி வேகத்தில் மூன்றாவதாக ஒரு வரிசையைத் திறந்தால்? வரிசைக்கு 100 பேர், 700 விநாடி, பன்னிரண்டு நிமிடத்துக்கும் குறைவு. இந்த நிலைமையில் ஒரு மடக்கு மேசையும் ஒரு ஆளும் எந்த ஸ்கேனரையும் தோற்கடித்துவிடுவார்கள்.

எங்கே அடைக்கிறது என்று கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. ஒரு நாள் லஞ்ச் நேரத்தில் கேஃபடீரியாவில் நின்று கேஷியரைப் பாருங்கள். அனுமதி கேட்டால் பெரும்பாலான பள்ளிகள் விடும், பெற்றோர் சங்கம் வழியாகக் கேட்டால் இன்னும் சுலபம். நிரம்பிய தட்டோடு பிள்ளைகள் கேஷியர் முன்னால் குவிந்து நின்றால் அடைப்பு கல்லாவில். கேஷியர் கையைக் கட்டிக்கொண்டு அடுத்த பிள்ளைக்காகக் காத்திருந்தால் அடைப்பு பரிமாறும் இடத்தில். அப்போது கல்லாவில் எதை மாற்றினாலும் பயன் இல்லை. கையில் கைபேசி இருந்தால் முதல் பிள்ளை கல்லாவைத் தாண்டும் நேரத்தையும் ஐம்பத்தோராவது பிள்ளை தாண்டும் நேரத்தையும் குறித்து, இடைவெளியை ஐம்பதால் வகுத்துவிடுங்கள். ஒருவருக்கு எத்தனை விநாடி என்பது கிடைத்துவிடும். டிஸ்ட்ரிக்ட் கூட்டத்தில் இந்த ஒரு எண்ணைச் சொன்னால், பத்துப் பேர் கூடிப் புலம்புவதைவிட அதிகம் காதில் விழும்.

சரி, அடைப்பு கல்லாவில்தான் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே அப்படி என்ன நடக்கிறது? நம் ஊர் சத்துணவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பள்ளிச் சாப்பாட்டில் கல்லா இருப்பதே விசித்திரமாகத் தோன்றும். அங்கே சாப்பிட்டவர் எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதுவதோடு கணக்கு முடிந்தது. அமெரிக்காவில் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் 1946இல் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்டு வந்தது. அப்போதிருந்தே இது இலவசமும் கட்டணமும் கலந்த ஏற்பாடு. குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம். 185 சதவீதம் வரை என்றால் சலுகை விலை, லஞ்சுக்கு அதிகபட்சம் 40 சென்ட். அதற்கு மேல் முழு விலை. ஒவ்வொரு தட்டுக்கும் மத்திய அரசு பள்ளிக்குத் தரும் தொகை இந்த மூன்று பிரிவுக்கும் வேறு வேறு. அதனால் இன்று எந்தப் பிரிவில் எத்தனை தட்டு போனது என்று பள்ளி கணக்குக் காட்ட வேண்டும்.

ஆகவே கேஷியர் மூன்று வேலை செய்கிறார். இந்தப் பிள்ளை யார்? தட்டில் இருப்பது அரசு பணம் தரும் அளவுக்கு முழுச் சாப்பாடுதானா? காசு எப்படி? கைரேகை ஸ்கேனர் இதில் முதல் வேலைக்கு மட்டும்தான் உதவும். நேரத்தை அதிகம் தின்பது மற்ற இரண்டும்தான்.

இரண்டாவதை விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது. லஞ்சில் ஐந்து பிரிவு உண்டு: பழம், காய், தானியம், இறைச்சி அல்லது அதற்கு மாற்று, பால். ஐந்தையும் பள்ளி வைக்க வேண்டும். பிள்ளை குறைந்தது மூன்றை எடுக்க வேண்டும். அதில் ஒன்று அரைக் கப் பழமாகவோ காயாகவோ இருந்தாக வேண்டும். உயர்நிலைப் பள்ளிகளில் இப்படித் தேர்ந்தெடுக்க விடுவது கட்டாயம், கீழ் வகுப்புகளில் டிஸ்ட்ரிக்ட்டின் விருப்பம். பீட்சாவும் பாலும் மட்டும் எடுத்துக்கொண்டு வருகிற பன்னிரண்டு வயசுப் பையனை நினைத்துப் பாருங்கள். கேஷியர், "பழம் ஏதாவது எடுத்துட்டு வா கண்ணா" என்கிறார். பையன் தட்டோடு வரிசையை எதிர்த்துத் திரும்பிப் போகிறான், நான்கு பேரை இடிக்கிறான், முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு ஆப்பிளோடு வருகிறான். இருபது முப்பது விநாடி காலி. இப்படிப் பத்துப் பேர் போதும், மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் போய்விடும்.

இதற்குத் தீர்வு கல்லா பக்கத்திலேயே ஒரு கூடை பழம். ஆப்பிள், ஆரஞ்சு, வாழைப்பழம், எது கிடைக்கிறதோ அது. கை நீட்டினால் எடுக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். பல பள்ளிகள் இதைச் செய்கின்றன. செய்யாத பள்ளிகளில் காரணம் கேட்டால் "கவுண்டர்ல இடம் இல்ல" என்பார்கள். இடத்தைப் பெரும்பாலும் அடைத்துக்கொண்டிருப்பது சிப்ஸ் ஸ்டாண்ட்.

சிப்ஸ் என்றதும் மூன்றாவது வேலைக்கு வந்துவிட்டோம், காசு. லஞ்ச் வரிசையிலேயே மிக மெதுவான பொருள் ஒரு டாலர் நோட்டு. அதைப் பையிலிருந்து எடுக்க வேண்டும், கேஷியர் வாங்கி விரிக்க வேண்டும், சில்லறை தர வேண்டும், பிள்ளை அதை எண்ணிப் பார்க்க வேண்டும், இதெல்லாம் ஒரு கையில் தட்டை வைத்துக்கொண்டு. முழுச் சாப்பாட்டோடு கூடுதலாகக் குக்கீ, சிப்ஸ், ஜூஸ் வாங்கும் பிள்ளைகளால்தான் இது நடக்கிறது. இவற்றைத் தனி ஜன்னலுக்கு மாற்றினால் முக்கிய வரிசை உடனே இலகுவாகும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. "காசு கொடுக்கிறவர்கள் இந்தப் பக்கம், இலவசம் அந்தப் பக்கம்" என்று ஆகிவிடக் கூடாது. இலவசச் சாப்பாட்டுப் பிள்ளைகளைத் தனி வரிசை, தனி டோக்கன், தனி நிற அட்டை என்று எதைக் கொண்டும் அடையாளம் காட்டுவதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. பிள்ளைகள் சட்டம் படிக்காமலேயே இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்ததும் சிலர் சாப்பிடவே வர மாட்டார்கள்.

வீட்டிலிருந்தே கணக்கில் பணம் போட்டுவிட்டால் கல்லாவில் காசு வேலையே இல்லை. இன்று பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்டுகள் மைஸ்கூல்பக்ஸ், ஸ்கூல்கஃபே, லிங்க் கனெக்ட் மாதிரி ஒரு தளத்தை வைத்திருக்கின்றன. அதிலும் ஒரு முள் உண்டு. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்தத் தளங்களில் ஒவ்வொரு முறை பணம் போடும்போதும் சராசரியாக 2.37 டாலர் கட்டணம் பிடிக்கப்படுகிறது. நூறு டாலர் மொத்தமாகப் போடுகிறவருக்கு அது தூசு. வாரா வாரம் பத்து டாலர் போடுகிற குடும்பத்துக்கு அது கிட்டத்தட்ட கால் பங்கு. கட்டணம் இல்லாமல் பணம் செலுத்த ஒரு வழியையும் பள்ளி வைத்திருக்க வேண்டும் என்பது பள்ளி உணவைக் கவனிக்கும் மத்திய வேளாண் துறையின் விதி. அந்த வழி என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் காலையில் அலுவலகத்திலோ கேஃபடீரியாவிலோ உறையில் போட்டுக் கொடுக்கலாம் என்பார்கள். அது போதும். லஞ்ச் நேரத்தில் நோட்டு கைமாறாமல் இருந்தால் சரி.

கணக்கில் காசு இல்லாத பிள்ளையின் விஷயமும் வேகத்தோடு சேர்ந்ததுதான். திரையில் சிவப்பு எழுத்தில் பாக்கித் தொகை வருகிறது, கேஷியர் பிள்ளையிடம் சொல்கிறார், பிள்ளை விழிக்கிறது, பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். வரிசையும் நின்றுவிட்டது, பிள்ளையின் மானமும் போய்விட்டது. சில ஊர்களில் சூடான தட்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டுச் சீஸ் சாண்ட்விச் கொடுத்த கொடுமையும் நடந்தது. அதைத் தடுத்து முதலில் மாநிலச் சட்டம் கொண்டுவந்தது நியூ மெக்சிகோ, 2017இல். நல்ல மென்பொருளில் பாக்கி விவரம் பெற்றோரின் கைபேசிக்கு மட்டும் போகும், கல்லாத் திரையில் "சரி" என்ற பச்சை அடையாளம் மட்டும் வரும். உங்கள் பள்ளியின் மென்பொருளில் அந்த அமைப்பு இருந்தும் யாரும் அதைத் தொடாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி அடையாளம் காட்டும் கருவிகள். எந்த வயசுக்கு எது என்பதுதான் இதில் முக்கியம்.

மழலையர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை பின் நம்பர் (PIN, ஒவ்வொரு பிள்ளையும் கல்லாவில் அழுத்தும் தனி எண்) வேலைக்கு ஆகாது. மறந்துபோவார்கள், தப்பாக அழுத்துவார்கள், பக்கத்துப் பையனின் நம்பரை அழுத்திவிட்டுச் சிரிப்பார்கள். இவர்களுக்குப் பார்கோடு அட்டைதான் சரி. அட்டை பிள்ளையிடம் இருக்கக் கூடாது. வகுப்புவாரியாகக் கேஃபடீரியா வாசலில் பைகளில் தொங்க வேண்டும், இல்லையென்றால் ஆசிரியர் வளையத்தில் கோத்துக் கொண்டுவர வேண்டும். ஸ்கேனரும் கையில் பிடித்துக் குறிபார்க்கும் வகையாக இல்லாமல் மேசையில் நிற்கும் வகையாக இருக்கட்டும். அட்டை எந்தக் கோணத்தில் வந்தாலும் அது படித்துவிடும். வகுப்பு வரிசையாக வருகிறது என்றால் இன்னும் சுலபம்: அந்த வகுப்புப் பிள்ளைகளின் புகைப்படங்கள் திரையில் இருக்கும், கேஷியர் முகத்தைப் பார்த்துத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

உங்கள் மகள் வயசுப் பிள்ளைகளுக்கு நான் பின் நம்பரின் பக்கம்தான். ஆறு இலக்கம் என்றாலும் ஒரு மாதத்தில் விரல் பழகிவிடும், பார்க்காமலே அழுத்துவார்கள். பின் நம்பர் மெதுவாக இருக்கிறது என்று பள்ளி சொன்னால் குற்றம் பெரும்பாலும் விசைப்பலகை வைத்திருக்கும் இடத்தில்தான் இருக்கும். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளை, அதைக் கீழே வைக்க இடம் இல்லாமல் இடுப்பில் அணைத்துக்கொண்டு ஒரு விரலால் அழுத்துவதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். தட்டு சறுக்கிவரும் கம்பித் தளம் விசைப்பலகை வரைக்கும் நீள வேண்டும். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: ஒரு கல்லாவுக்கு ஒன்றுக்கு மேல் விசைப்பலகை வைத்து, அவற்றைக் கேஷியருக்கு இரண்டு மூன்று அடி முன்னாலேயே வைப்பது. முன்னால் நிற்கும் பிள்ளையின் தட்டைக் கேஷியர் பார்க்கும்போதே பின்னால் நிற்பவள் நம்பரை அழுத்திவிடுவாள். பெயரும் படமும் திரையில் வரிசையாக வந்து நிற்கும். கேஷியருக்குத் தட்டைப் பார்த்து ஒரு முறை தொடும் வேலை மட்டும் மிஞ்சும். பல மென்பொருள்களில் இந்த வசதி இருக்கிறது, கூடுதல் செலவு விசைப்பலகைக்கு மட்டும்தான். நான் பார்த்த மாற்றங்களில் செலவுக்கு அதிகப் பலன் தந்தது இது.

கைபேசியில் க்யூஆர் கோடு காட்டலாமே என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். டெக்சாஸில் 2025இல் வந்த சட்டத்துக்குப் பிறகு பள்ளி நேரத்தில் கைபேசியைத் தொடவே முடியாது. அதோடு அந்த யோசனை முடிந்தது.

இப்போது கைரேகை. இது எப்படி வேலை செய்கிறது என்பதை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பள்ளிக் கருவிகள் கைரேகைப் படத்தை அப்படியே சேமிப்பதில்லை. ரேகை பிரியும் இடம், முடியும் இடம் என்று சில புள்ளிகளை எடுத்து எண்களாக மாற்றி வைத்துக்கொள்கின்றன. காவல் துறைக் கோப்பில் இருப்பது போன்ற படம் அதில் இல்லை என்று விற்பனையாளர் சொன்னால் அது உண்மைதான். ஆனால் அந்த எண்களும் உடம்பிலிருந்து எடுத்த அடையாளம்தான். பின் நம்பர் வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது.

வேகம்? சரியாகப் பதிந்தால் ஒரு விநாடி, இரண்டு விநாடி. பதியாதபோதுதான் வம்பு. குளிர்காலத்தில் வறண்ட விரல், கை கழுவிவிட்டு வந்த ஈர விரல், கெச்சப் ஒட்டிய விரல், ரேகை ஆழமில்லாத சின்ன விரல், பேஸ்கட்பால் விளையாடிச் சிராய்த்த விரல். மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் "உன் நம்பர் என்ன?" என்று கேஷியர் கேட்பார். நன்றாகப் பழகிய பின் நம்பரோடு ஒப்பிட்டால் உங்கள் மகள் வயசில் மிச்சமாவது ஒருவருக்கு ஓரிரு விநாடிதான். அதுவும் கல்லாதான் அடைப்பு என்றால் மட்டும். அதற்காக நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் விரலைப் பதிய வேண்டும், வருடா வருடம் புதிதாக வருகிறவர்களையும் பதிய வேண்டும்.

சட்டம் இந்த விஷயத்தில் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஃபுளோரிடாவில் பள்ளிகள் மாணவர்களின் உடல் அடையாளங்களைச் சேகரிக்கவே கூடாது என்று 2014இல் தடை வந்தது. அதற்கு முந்தைய வருடம் போல்க் கவுன்ட்டியில் பெற்றோருக்குத் தெரியும் முன்பே பள்ளிப் பேருந்துத் திட்டத்துக்காகப் பிள்ளைகளின் கண்ணை ஸ்கேன் செய்ததால் எழுந்த கோபம்தான் அந்தத் தடைக்குத் தொடக்கம். நியூயார்க் மாநிலம் 2023இல் பள்ளிகளில் முக அடையாளத் தொழில்நுட்பத்தைத் தடை செய்தது, கைரேகை போன்றவற்றை உள்ளூர் முடிவுக்கு விட்டது.

பிரிட்டனில் கைரேகை லஞ்ச் ரொம்ப நாளாகப் பழக்கத்தில் இருக்கிறது. 2012ஆம் வருடச் சட்டம் ஒன்று, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தை இங்கிலாந்து, வேல்ஸ் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. அப்புறம் முகத்துக்குத் தாவினார்கள். ஸ்காட்லாந்தின் நார்த் அய்ர்ஷயரில் 2021 அக்டோபரில் ஒன்பது பள்ளிகளின் கேன்டீனில் முகத்தைப் பார்த்துப் பணம் பிடிக்கும் முறை வந்தது. ஒரு பிள்ளைக்கு ஐந்து விநாடி என்று பெருமையாகச் சொன்னார்கள். பிரிட்டனில் தனிநபர் தரவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் கேள்வி கேட்க ஆரம்பித்த சில நாட்களிலேயே நிறுத்திவிட்டார்கள். எசெக்ஸில் ஏறத்தாழ 1,200 பேர் படிக்கும் செல்மர் வேலி உயர்நிலைப் பள்ளி 2023 மார்ச்சில் அதே மாதிரி ஒன்றைத் தொடங்கியது. ஆபத்து மதிப்பீடு எதுவும் முன்கூட்டிச் செய்யவில்லை. வேண்டாம் என்றால் மட்டும் எழுதி அனுப்புங்கள், பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். 2024இல் அதே அலுவலகம் பள்ளியைக் கண்டித்தது. உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் படிவத்தை இன்னொரு முறை படியுங்கள். கையெழுத்துப் போட்டால் சம்மதம் என்றிருக்கிறதா, போடாவிட்டாலும் சம்மதம் என்றிருக்கிறதா?

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது போலந்தில் கிதான்ஸ்க் நகரத்து ஆரம்பப் பள்ளி ஒன்றின் கதை. அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் கைரேகை வைத்தார்கள். விருப்பம் இல்லாதவர்களுக்கு மாற்று வழி உண்டு, நான்கே பிள்ளைகள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் கைரேகை இல்லாத பிள்ளைகள் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும் என்று விதி. மற்ற அத்தனை பேரும் உள்ளே போன பிறகு ஒவ்வொருவராகப் போகலாம். தரவுப் பாதுகாப்பு அதிகாரி 2020இல் பள்ளிக்கு 20,000 ஸ்வாட்டி (போலந்துப் பணம்) அபராதம் போட்டார். பெற்றோர் சம்மதம் இருந்ததைச் சுட்டிக்காட்டிப் பள்ளி வழக்குப் போட்டது, வார்சா நிர்வாக நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், "வேண்டாம்" என்று சொன்ன பிள்ளை கடைசியில் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் டிஸ்ட்ரிக்ட்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதிலிருந்துதான் வருகிறது: கைரேகை கொடுக்காத பிள்ளை அதே வரிசையில், அதே இடத்தில் நின்று நம்பர் அழுத்த முடியுமா?

தட்டைக் கேமராவே பார்த்து விலை போடும் கல்லாக்கள் விளையாட்டு அரங்குகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வந்துவிட்டன. பள்ளியில் கூடுதல் தீனி விற்கும் ஜன்னலுக்கு அவை ஒத்துவரலாம். முழுச் சாப்பாட்டு வரிசையில், அரைக் கப் காய் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு பயிற்சி பெற்ற ஒரு மனிதருடையது. கணக்கில் தவறு வந்தால் அரசிடம் பதில் சொல்ல வேண்டியதும் பள்ளிதான். அதனால் "ஆளே வேண்டாம்" என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

ஆள் என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறார். மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ஒரு மான்டிசோரிப் பள்ளியில் கேஃபடீரியா மேற்பார்வையாளராக இருந்தவர் ஃபிலாண்டோ கேஸ்டில். 2016இல் போக்குவரத்துச் சோதனையின்போது காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சாப்பாடு போட்ட ஐந்நூறு பிள்ளைகளின் பெயரும், யாருக்கு எந்த உணவு ஒவ்வாமை என்பதும் அவருக்கு மனப்பாடம் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் அப்போது சொன்னார்கள். ஒரே கேஷியர் பல வருடம் ஒரே கல்லாவில் இருக்கும் பள்ளியில் வரிசை வேகமாக நகர்வதை நானும் பார்த்திருக்கிறேன். எந்த விற்பனையாளரின் அட்டவணையிலும் இது வராது. கேஃபடீரியா வேலைக்குச் சம்பளம் குறைவு, ஆட்கள் நிற்பதில்லை. ஸ்கேனருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை அங்கே போட்டால் என்ன என்று கேட்பதில் தப்பில்லை.

உண்மையில் மிக வேகமான கல்லா எது தெரியுமா? யார் என்றே கேட்காத கல்லா. மத்தியச் சட்டத்தில் சமூகத் தகுதி ஏற்பாடு என்று ஒன்று இருக்கிறது. 2010ஆம் வருடச் சட்டத்தில் பிறந்து 2014இல் நாடு முழுவதும் வந்தது. உணவு உதவித் திட்டம் போன்றவற்றில் ஏற்கெனவே இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் இருந்தால், அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் சாப்பாடு இலவசம், விண்ணப்பமும் கிடையாது. முன்பு 40 சதவீதம் தேவைப்பட்டது, 2023இல் அதை 25ஆகக் குறைத்தார்கள். அங்கே யார் எந்தப் பிரிவு என்ற கேள்வியே இல்லை. எத்தனை தட்டு என்று எண்ணினால் மத்திய அரசுக்குப் போதும். கையில் ஒரு எண்ணும் கருவி, ஒரு அழுத்து, அடுத்தவர். நம் ஊர் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

இதில் பணச் சிக்கல் உண்டு. அந்தச் சதவீதத்தை 1.6ஆல் பெருக்கி வரும் பங்குக்குத்தான் அரசு இலவச விகிதத்தில் பணம் தரும். 25 சதவீதப் பள்ளிக்கு 40 சதவீதத் தட்டுகளுக்கு முழுத் தொகை, மிச்சத்துக்கு மிகக் குறைவு. 62.5ஐத் தொட்டால்தான் எல்லாத் தட்டுக்கும் முழுத் தொகை. நடுவில் இருக்கும் டிஸ்ட்ரிக்ட்டுகள் கையைச் சுட்டுக்கொள்ளப் பயப்படும். கலிஃபோர்னியாவும் மெய்னும் 2022–23 பள்ளி ஆண்டிலிருந்து மாநிலப் பணத்தில் எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்தன, பிறகு மின்னசோட்டா போன்றவை சேர்ந்தன. டெக்சாஸ் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் பள்ளி இந்த ஏற்பாட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் கைரேகை எதற்கு என்ற கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரே பிள்ளை இரண்டு தட்டு வாங்குவதைத் தடுக்க, ஒவ்வாமை எச்சரிக்கைக்கு என்பார்கள். இரண்டுக்கும் பின் நம்பரே போதும். இலவசமானால் வரிசை தானாகக் குறையும் என்றும் நினைக்க வேண்டாம். வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்தவர்களும் வரிசையில் சேர்ந்துகொள்வார்கள். அங்கே மறுபடி மூன்றாவது மேசைதான் தேவைப்படும்.

சாப்பாட்டைக் கொட்டுவதைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். மகளைத் திட்டாதீர்கள். நோய்த் தடுப்பு மையம் பரிந்துரைப்பது உட்கார்ந்து சாப்பிட மட்டும் குறைந்தது 20 நிமிடம். வரிசையும் நடையும் அதில் சேராது. மாசசூசெட்ஸ் பள்ளிகளில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் தட்டில் மிஞ்சியதை எடை போட்டுப் பார்த்தார்கள். 20 நிமிடத்துக்குக் குறைவாக நேரம் கிடைத்த பிள்ளைகள், 25 நிமிடமாவது கிடைத்தவர்களைவிட முக்கிய உணவை 13 சதவீதமும், காயை 12 சதவீதமும், பாலை 10 சதவீதமும் குறைவாகச் சாப்பிட்டார்கள். பழத்தை எடுக்கவே தயங்கினார்கள்: நேரம் இருந்தவர்களில் 57 சதவீதம் பேர் எடுத்தார்கள், இல்லாதவர்களில் 44.

மணி விஷயத்தையும் விட்டுவிடக் கூடாது. மொத்தப் பிள்ளைகளையும் ஒரே மணியில் அவிழ்த்துவிடாமல் வகுப்புகளை மூன்று நிமிட இடைவெளியில் அனுப்பினால், வரிசையில் நிற்கும் நேரம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் நேரமாக மாறும். ஒரே வகுப்பே எப்போதும் கடைசியில் போகாதபடி வாரா வாரம் முறை மாற்ற வேண்டும். செலவு ஒரு பைசா கிடையாது. ஆனால் இதற்குச் சமையலறை மேலாளரின் கையெழுத்துப் போதாது, முதல்வர் மனம் வைக்க வேண்டும். டிஸ்ட்ரிக்ட்டுகள் இதை விட்டுவிட்டுக் கருவி வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கூட்டத்துக்குப் போனால் இவற்றைக் கேளுங்கள். இப்போது ஒரு பிள்ளைக்குக் கல்லாவில் எத்தனை விநாடி, பரிமாறும் இடத்தில் எத்தனை விநாடி, அளந்தார்களா? அந்த விரல் எண்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, பள்ளியிலா நிறுவனத்தின் சர்வரிலா? பிள்ளை பள்ளியை விட்டதும் எத்தனை நாளில் அழிக்கப்படும்? வைஃபை விழுந்தால் கல்லா தனியாக ஓடுமா, அல்லது காகிதத்தில் கோடு போட வேண்டியதுதானா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். இணையம் போன ஒரு மதியம் 300 பிள்ளைகள் நிற்பதைப் பார்த்தவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பதில்கள் எழுத்தில் வரட்டும். அதுவரை மகள் பின் நம்பரிலேயே போகட்டும். கணக்கில் ஒரு மாதத்துக்கான பணத்தை மொத்தமாகப் போட்டுவிடுங்கள். பழத்தை முதலிலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள், கல்லாவிலிருந்து அவளைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.